பாய் கடை ப்ராஜெக்ட்

குமணன்சாவடியிலிருந்து மாங்காடு போகும் சாலையில் இருக்கிறது பஷீருதீனின் ஜெராக்ஸ் கடை. பலகையில் ஜெராக்ஸ், லேமினேஷன், ஸ்பைரல் பைண்டிங் என்றுதான் எழுதியிருக்கும். ஆனால் அக்கம்பக்கத்து அம்மாக்களுக்கு அது ப்ராஜெக்ட் கடை. எல்கேஜி, யுகேஜி பிள்ளைகளிடம் பள்ளியில் கொடுத்தனுப்பும் வேலையை அவர் செய்து கொடுத்துவிடுவார். தெர்மாகோல் வீடு, பஞ்சு மேகம், சார்ட்டில் ரயில் வண்டி, எதுவானாலும் சாயங்காலம் சொன்னால் காலையில் ஸ்கூல் வேன் வருவதற்குள் தயார்.

பத்தாவதோடு படிப்பை நிறுத்திய பஷீருதீனுக்குப் படம் வரைவதில் அப்போதே ஆசை. ஜெராக்ஸ் எந்திரத்தின் முன்னால் நாளெல்லாம் நிற்பவருக்கு, இந்த வேலையில்தான் மனம் நிற்கும். பிள்ளைகள் செய்ய வேண்டியதை நாம் செய்கிறோமே என்று அவர் யோசித்ததில்லை. கேட்கிறார்கள், செய்கிறோம்.

கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்துப் பிறந்த மகள் மஹீரா இந்த வருஷம் யுகேஜி போனாள். ஜூலையில் ஒருநாள் அவள் டைரியில் 'செடியின் பாகங்கள்' என்று எழுதி வந்தது. அதே வகுப்பிலிருந்து பதினொரு அம்மாக்கள் ஏற்கெனவே கடையில் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். மஹீராவோ தானே செய்வேன் என்று சார்ட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"ஊர்ப் புள்ளைங்களுக்கெல்லாம் செய்றீங்க. இவளுக்கும் ஒன்னு செஞ்சு குடுத்துடுங்களேன்" என்றாள் அவர் மனைவி ஜுபைதா.

"ஆசப்படுறா, செய்யட்டும் உடு" என்றார்.

மஹீரா பென்சிலால் வேர் வரைந்தாள். தண்டையும் இலைகளையும் பூவையும் வெட்டி ஒட்டினாள். பிறகு பழுப்பு கிரேயானை எடுத்து வேரின் மேல் அழுத்தி அழுத்தித் தேய்த்தாள். வேர் மறைந்துபோனது.

"இன்னாம்மா, வேரக் காணோம்?"

"மண்ணுக்குள்ள கீது அத்தா. மண்ணுக்குள்ள இருந்தா எப்டித் தெரியும்?"

அவர் சிரித்துவிட்டு அப்படியே பையில் வைத்து அனுப்பினார்.

அடுத்த சனிக்கிழமை பெற்றோர் கூட்டம். வழக்கமாக ஜுபைதாதான் போவாள். அன்று அவளுக்குக் காய்ச்சல், அவர் போனார். வகுப்புச் சுவர் நிறையச் செடிகள். பழுப்புக் கம்பளி நூலைப் பிரித்து வேராக ஒட்டிய பதினொன்றும் அவருடையவை. ஒவ்வொன்றின் கீழும் ஒரு குழந்தையின் பெயர். மஹீராவின் பெயர் மட்டும் எங்கும் இல்லை.

வகுப்பாசிரியை நிஷா பீரோவைத் திறந்து அவளுடைய சார்ட்டை எடுத்தாள். "வேர் இல்ல சார், அதான் மாட்டல."

"வேர் கீது மிஸ். மண்ணு மூடியிருக்கு."

நிஷா அதை ஜன்னல் பக்கம் சாய்த்துப் பார்த்தாள். கிரேயானுக்கு அடியில் பென்சில் கோடுகள் தெரிந்தன.

"போன வருஷம் பசங்க செஞ்சத அப்டியே மாட்டினேன் சார். அதப் பாத்துட்டு, எங்க புள்ளைக்கு ஒன்னும் சொல்லித்தரலன்னு பேரன்ட்ஸே கம்ப்ளெயின்ட் எழுதிட்டாங்க. இதெல்லாம் ஒரே கை செஞ்சதுன்னு பாத்தாலே தெரியுது. யார் கைன்னுதான் தெரியல."

பஷீருதீன் மகளின் சார்ட்டைச் சுருட்டி வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

அடுத்த வாரம் ஜோதிகா வந்தாள். அம்பத்தூர் எஸ்டேட்டில் துணி கம்பெனியில் வேலை, வீடு நசரத்பேட்டை. மகளுக்கு மீன்தொட்டி செய்ய வேண்டுமாம்.

"எல்லாம் வெட்டித் தரேன்மா. ஒட்டுறத மட்டும் பாப்பா ஒட்டட்டும்" என்றார் பஷீருதீன்.

"இன்னா பாய், புச்சா சொல்ற? நான் ஊட்டுக்கு வரச்சொல்ல ஏழரை ஆவுது. அப்பறம் சோறாக்கணும். எப்ப ஒக்காந்து ஒட்ட வைக்கிறது? அவ கோணலா ஒட்டினா கிளாஸ்ல சிரிப்பாங்க. எங்க ஊட்ல யாரும் இங்கிலீஷ் ஸ்கூல் பாத்ததில்ல. எம்பொண்ணு எதுலயும் கொறஞ்சிடக் கூடாது."

அவள் சொன்னதில் தப்பு இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை. ஆனாலும் மீன்களை வெட்டி, ஒட்டாமல் ஒரு கவரில் போட்டுக் கொடுத்தார். முணுமுணுத்துக்கொண்டே வாங்கிப் போனாள்.

அதன் பிறகு எல்லோருக்கும் அப்படித்தான் கொடுத்தார். பாதிப் பேர் பஸ் ஸ்டாப் பக்கத்தில் புதிதாக வந்த கடைக்குப் போய்விட்டார்கள். மீதிப் பேரும் வீட்டில் தாங்களே ஒட்டுகிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். ஜுபைதாவுக்கு வருத்தம்தான். "உங்க ஒருத்தரால மாறிடுமா?" என்று கேட்டாள். மாறாது என்றுதான் அவரும் சொன்னார்.

பத்து நாள் கழித்து, பட்டாம்பூச்சி செய்ய வேண்டும் என்று ஜோதிகா மறுபடி வந்தாள். கவரை நீட்டியபோது வாங்கிக்கொண்டு நின்றாள்.

"பொய் சொல்ல மாட்டேன் பாய். அந்த மீனெல்லாம் நான்தான் ஒட்டினேன்."

"சரிம்மா."

"ஆனா அவ பக்கத்துலயே ஒக்காந்துகினு பேசிகினே இருந்தா. வேன்ல ஒரு பையன் டெய்லி இவ டிபன் பாக்ஸைப் புடுங்கி துண்ணுட்றானாம். ரெண்டு மாசமா நடக்குது பாய், எனக்குத் தெரியாது."

"அப்பறம்?"

"வேன் டிரைவராண்ட பேசினேன். இப்ப முன் சீட்ல குந்த வச்சுகினு போறாரு."

கடையில் வேறு ஆளில்லை. பஷீருதீன் பெஞ்சில் கிடந்த காகிதங்களைத் தள்ளி இடம் செய்தார். ஜோதிகா உட்கார்ந்து மகளைப் பற்றி இன்னும் கொஞ்ச நேரம் பேசிவிட்டுப் போனாள்.