சிவப்பு சோபாவில் ஓர் இடம்

1958ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 14ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணி இருபது நிமிடம். வானம் வெளுத்திருந்தது. புக்கித் தீமா பக்கம் மட்டும் ஒரு கருமேகம் நின்றது. மழை வராது என்று அண்ணன் சொன்னார். எனக்கு அந்த மேகத்தின் மேல் நம்பிக்கை இல்லை. அன்று எனக்குத் திருமணம்.

அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. நினைவு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று அவருடைய மகள் கேட்டபோது, பிறப்பிலிருந்து தொடங்குவதே முறை என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அண்ணனை அறிந்தவர்கள் என்னிடம் கேட்பது அந்த ஞாயிற்றுக்கிழமையைத்தான். கேட்பதற்கு முன்பே தாங்களும் ஒன்று சொல்கிறார்கள். சோபா மூன்று என்கிறார் ஒருவர். கால்சட்டை பத்து என்கிறார் இன்னொருவர். சோபா இரண்டு, கால்சட்டை நான்கு. இதைச் சரியாக எழுதிவைக்க இப்போது என்னை விட்டால் ஆள் இல்லை.

அண்ணன் பிறந்தது தஞ்சோங் பகார் துறைமுகக் கூலிகளின் லயன் வீட்டில். அவருக்குப் பதினோரு ஆண்டுகள் கழித்து நான் பிறந்தேன். இடையில் பிறந்தவர்கள் தங்கவில்லை. அப்பா கப்பலில் மூட்டை இறக்கியவர். அண்ணன் சிறுவராக இருந்தபோது ஒரு கண்டிராக்டர் வீட்டுத் திருமணத்துக்கு அப்பா அவரை அழைத்துப் போயிருக்கிறார். காலியாகக் கிடந்த பிரம்பு நாற்காலியில் அப்பா உட்கார்ந்தார். கூலிகளை வேலை வாங்கும் மண்டோர் ஒருவர் வந்தார், எழுப்பினார்கள். மடக்கு நாற்காலிக்குப் போனார். ஒரு கடைக்காரர் வந்தார், மறுபடி எழுப்பினார்கள். பெஞ்சுக்குப் போனார். சமையல்காரரின் மைத்துனர் வந்தார். கடைசியில் அப்பா தண்ணீர்ப் பீப்பாய் அருகே நின்றபடி தாலி கட்டுவதைப் பார்த்தார். வீடு திரும்பும்போது அவர் கோபப்படவில்லை. "நம்ம காலு நல்லா இருக்குடா, அதான் நிக்கச் சொல்றாங்க" என்றாராம். அண்ணன் இதைச் சொல்லிச் சிரிப்பார்.

அப்பா காலமான பிறகு அண்ணன் சிராங்கூன் சாலைக்குப் பின்புறச் சந்து ஒன்றில் நாற்காலி வாடகைக் கடை வைத்தார். இளைஞர்கள் அந்தத் தொழிலை அறியமாட்டார்கள் என்பதால் விளக்குகிறேன். கடையில் நான்கு வகை இருக்கைகள் இருந்தன. சிவப்பு வெல்வெட் சோபா இரண்டு, ஒவ்வொன்றிலும் மூன்று பேர் உட்காரலாம். அதற்கு அடுத்தது பிரம்பு நாற்காலி, பிறகு மடக்கு நாற்காலி, கடைசியில் பெஞ்சு. திருமண வீட்டார் வந்தால் எத்தனை பேர் வருவார்கள் என்று அண்ணன் கேட்கமாட்டார், யார் யார் வருவார்கள் என்றுதான் கேட்பார். டாக்டர், நகைக்கடை முதலாளி, அலுவலகங்களில் எழுத்தர்களுக்குத் தலைவரான பெரிய கிராணி ஆகியோருக்குச் சோபா. சின்ன கிராணிக்கும் பள்ளி ஆசிரியருக்கும் பிரம்பு. மண்டோருக்கும் கடைக் கணக்குப்பிள்ளைக்கும் மடக்கு. லயன்காரர்களுக்குப் பெஞ்சு. கோயில் திருமணமானாலும் மாதா கோயில் திருமணமானாலும் இந்த வரிசை மாறாது. சாமி வேறு, சோபா ஒன்று.

அந்த வருமானத்தில்தான் அண்ணன் என்னை ஆங்கிலப் பள்ளியில் படிக்கவைத்தார். நான் ஒரு கம்பெனியில் சின்ன கிராணி ஆனேன். எங்கள் குடும்பத்தில் பெஞ்சிலிருந்து பிரம்புக்கு ஏறியவன் நான் ஒருவனே. மற்றவர்களை உட்காரவைத்துப் பிழைத்த அண்ணனோ எந்தத் திருமணத்திலும் உட்கார்ந்ததில்லை. அவர் அழைக்கப்பட்டவர் அல்லர், ஏற்பாட்டில் ஒருவர்.

எனக்குப் பெண் பார்த்த வீடும் கிராணி வீடு. என் மாமனார் வேறோர் அலுவலகத்தில் சின்ன கிராணி. தம் பெரிய கிராணி தும்மினால் இவர் கைக்குட்டையை எடுப்பார். பேச்சுவார்த்தையின்போது என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்று மாமனார் அச்சத்தோடு கேட்டார்.

"சீரு ஒண்ணும் வேணாங்க," என்றார் அண்ணன். "அப்பா இடத்துல நான்தான் இருக்கேன். தம்பி தாலி கட்டுறப்ப சோபாவுல எனக்கு ஒரு எடம். அவ்வளவுதான்."

"என்ன சம்பந்தி இது, உங்க சோபால நீங்க உக்காராம வேற யாரு?" என்று மாமனார் மகிழ்ந்து போனார். இவ்வளவு மலிவாக மாப்பிள்ளை கிடைப்பார் என்று அவர் நினைக்கவில்லை. வீட்டுக்குப் போன பிறகுதான் தம் அலுவலகத்துப் பெரியவர்களை எண்ணினார். ஐந்து பேர். அண்ணனோடு ஆறு. கணக்குச் சரியாக இருந்தது. திருமணத்தன்று பெரிய கிராணி, லண்டனில் படித்துத் திரும்பிய தம் மைத்துனரையும் அழைத்து வந்துவிட்டார்.

கடைச் சந்தின் குறுக்கே கித்தான் துணிப் பந்தல் போட்டிருந்தார்கள். மணவறைக்கு மட்டும் தகரக் கூரை. அதன் எதிரே இரண்டு சோபாக்கள், பின்னால் பிரம்பு, அதற்குப் பின்னால் மடக்கு. பெஞ்சுகளுக்குப் பந்தலில் இடமில்லாமல், கடைகளின் முன்னே கூரையோடு உள்ள ஐந்தடி நடைபாதையில் போட்டிருந்தார்கள். அண்ணன் எட்டரை மணிவரை நாற்காலி சுமந்தார். பிறகு குளித்து, பட்டுச் சட்டையும் சரிகைக்கரை வேட்டியும் அணிந்து, சோபாவின் இடது ஓரத்தில் வந்து உட்கார்ந்தார். மணவறையில் இருந்த எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

பெரிய கிராணியின் மைத்துனர் நிற்பதைக் கண்ட மாமனாருக்கு வியர்த்தது. சம்பந்தியை எழச்சொல்ல முடியாது. ஆனால் சம்பந்தியின் தொழில் அவருக்குத் தெரியும்.

"சம்பந்தி, பொம்பளைங்க பக்கம் நாற்காலி பத்தலையாம்."

அண்ணன் எழுந்துவிட்டார். நாற்காலி பற்றவில்லை என்று கேட்டால் அவர் கால் தானாக எழும். திரும்பி வந்தபோது அவர் இடத்தில் லண்டன் மைத்துனர் இருந்தார். சிறிது நேரத்தில் மைத்துனர் சுருட்டுப் பிடிக்கப் போனார், அண்ணன் உட்கார்ந்தார். பின்னாலிருந்து யாரோ, "நாற்காலிக்காரரே, இங்க ஒண்ணு காலு ஆடுது" என்றார். அண்ணன் போய் அதற்கு அட்டையை மடித்து வைத்துவிட்டு வருவதற்குள் மைத்துனர் திரும்பிவிட்டார். மாமனாரின் அலுவலகத்தார் ஒருவர் கைகழுவ எழுந்தபோது மூன்றாவது முறை உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்த பெரிய கிராணி அவரைத் திரும்பிப் பார்த்து, "ஏம்ப்பா, ஒரு விசிறி கொண்டா" என்றார். அண்ணன் விசிறி கொண்டுவந்து கொடுத்தார். அதற்குள் அந்த இடமும் போயிற்று.

அதன்பின் அண்ணன் நின்ற இடத்தைப் பார்த்தேன். அது தண்ணீர்ப் பீப்பாய்ப் பக்கம்.

ஐந்தடியிலிருந்து சித்தப்பா கூப்பிட்டார். அவர் நகராட்சியில் சாலை பெருக்கியவர், எங்கள் அப்பாவின் தம்பி. "மவனே, அங்க ஏன் நிக்கிற? இங்க வாடா, பெஞ்சுல எடம் கெடக்கு."

"இருக்கட்டும் சித்தப்பா," என்றார் அண்ணன். "இன்னும் தாலி கட்டல."

ஒன்பது மணி முப்பத்திரண்டு நிமிடத்துக்கு முதல் துளி விழுந்தது. புக்கித் தீமா மேகம் வந்து சேர்ந்திருந்தது. கித்தானின் தையல் சரியாகச் சோபாக்களுக்கு மேலே இருந்ததால், சொட்டு அங்கேதான் முதலில் இறங்கியது. பிரம்புக்காரர்கள் நாற்காலியை நகர்த்திக்கொண்டார்கள். ஐந்தடியில் பெஞ்சுக்காரர்கள் நனையாமல் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். சோபாவில் இருந்த அறுவர் மட்டும் அசையவில்லை. எழுந்தவன் இடம் என்ன ஆகும் என்பதை அவர்கள் அன்று காலை மூன்று முறை பார்த்திருந்தார்கள். பெரிய கிராணி உட்கார்ந்தபடியே குடையை விரித்தார். மற்றவர்கள் கைக்குட்டையைத் தலையில் போட்டுக்கொண்டு, மழையே இல்லாததுபோல் மணவறையைப் பார்த்தார்கள். பத்தொன்பது நிமிடம் அப்படி இருந்தார்கள்.

பிறகு தண்ணீர் தேங்கிப் பானைபோல் தொங்கிய கித்தான் தையல் விட்டது. அறுவரும் ஒரே நேரத்தில் எழுந்து ஐந்தடியை நோக்கி ஓடினார்கள்.

அந்த ஆண்டு அண்ணன் சோபாவுக்கு மலிவான வெல்வெட் மாற்றியிருந்தார். அதன் சாயம் நிற்கவில்லை. இருவர் கறுப்புக் கால்சட்டைக்காரர்கள், தப்பினார்கள். நால்வர் வெள்ளைக் கால்சட்டை. அவர்கள் ஓடும்போது பின்புறம் நன்றாகப் பழுத்த மிளகாய் நிறத்தில் இருந்தது. பெரிய கிராணியுடையது எல்லாரையும்விட அகலம்.

ஐந்தடியில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு சித்தப்பா, "பெரிய மனுசங்களுக்கெல்லாம் முத்திர குத்தியாச்சுடா" என்றார். மண்டோர் முதல் மாவரைக்க வந்த அம்மாள்வரை சிரித்தார்கள். நாதஸ்வரக்காரர் சீவாளியை வாயிலிருந்து எடுத்துவிட்டார். லயன்காரர்கள் நல்ல மனிதர்கள், சிரித்துக்கொண்டே பெஞ்சில் இடம் விட்டார்கள். நால்வரும் உட்காரவில்லை. முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு, சாப்பாடு முடியும்வரை நின்றார்கள்.

மழை வந்தால் அண்ணன் கடைக்கு ஒரு வழக்கம் உண்டு. முதலில் சோபாவைத் தூக்க வேண்டும், மற்றதெல்லாம் பிறகு. அறுவரும் எழுந்ததுமே அவர் ஓடிவந்து ஒரு சோபாவின் முனையைப் பிடித்தார். கடையாள் மறுமுனையைப் பிடித்தான். மணவறையில் தாலியைக் கையில் வாங்கிய நான் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். முகூர்த்தம் போகிறது என்று ஐயர் என்னை அதட்டினார். அண்ணன் என்னைப் பார்த்தார். பிறகு கையை விட்டார்.

"தூக்காதடா" என்று சொல்லிவிட்டு, சோபாவின் நடுவில் உட்கார்ந்தார்.

கொட்டும் மழையில், காலியான பந்தலில், அவர் ஒருவர். பட்டுச் சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. மாமனார் குடையோடு ஓடினார். "சம்பந்தி, நனையிறீங்களே, எந்திரிங்க."

"நனையட்டும் சம்பந்தி. வாடக கட்டியிருக்கேன்."

மாமனாருக்குப் புரியவில்லை. எனக்கும் அப்போது புரியவில்லை. கெட்டிமேளம் கொட்டியது. நான் தாலி கட்டினேன். அண்ணன் அங்கிருந்தே அட்சதை தூவினார். அரிசி நனைந்து விரலில் ஒட்டியதால் உதறி உதறித் தூவினார். ஒன்பது ஐம்பத்திரண்டு முதல் பத்து மணி மூன்று நிமிடம்வரை உட்கார்ந்திருந்தார். எழுந்தபோது அவர் வேட்டியும் சிவப்பு. அதோடுதான் பந்தி பரிமாறினார், மறைக்கவே இல்லை.

அதன்பின் சிராங்கூன் சாலையில், அன்று சோபாவில் தாமும் இருந்ததாகச் சொல்லிக்கொண்டவர்களை எண்ணிவந்தேன். இருந்த அறுவரை நீக்கிப் பதினான்கு பேர்.

அறுபதுகளில் எல்லாருக்கும் ஒரே மாதிரியான எஃகு நாற்காலி வந்தது. அண்ணன் பிரம்பையும் பெஞ்சையும் விற்று இருநூறு எஃகு நாற்காலி வாங்கினார். இனி எல்லாரும் ஒன்று என்று என்னிடம் பெருமையாகச் சொன்னார். முதல் திருமணத்தில் வந்தவர்கள் எங்கே உட்காருவது என்று தெரியாமல் கால்மணி நேரம் நின்றார்கள். இரண்டாவதில் முன்வரிசைக்குக் கயிறு கட்டச் சொன்னார்கள். மூன்றாவதில் முன்வரிசை நாற்காலிகளுக்கு மட்டும் வெள்ளை உறை கேட்டார்கள். அண்ணன் உறைக்கு இருபது காசு வாங்கினார். பிறகு எல்லாரும் அடுக்குமாடி வீடுகளுக்குப் போனோம். "நாற்காலிய மடக்கி வச்சா, இப்ப எத்தன ரூம்புன்னு கேக்குறானுங்கடா தம்பி" என்று அண்ணன் அலுத்துக்கொண்டார். அவருடையது இரண்டு அறை, என்னுடையது மூன்று. அவர் வீட்டுக்குப் போகும்போது நான் அதைப் பேசமாட்டேன்.

அவருடைய மகன் ஜூரோங் தொழிற்சாலையில் சேர்ந்தபின் அண்ணனும் அண்ணியும் பூன் லே வந்தார்கள். தொழிலை விட்டபோதும் ஒரு சோபாவை மட்டும் அவர் கொடுக்கவில்லை. கடைசி நான்கு மாதமும் அதில்தான் இருந்தார். பார்க்க வருபவர் யாரானாலும் எழ முயன்றார். அண்ணி தோளை அழுத்தி உட்காரவைப்பார். ஒரு வியாழக்கிழமை காலை, காப்பி குடித்த பிறகு, அங்கேயே அமைதியாகக் கண் மூடினார். நீத்தார் கடன் நாளில் கீழ்த்தளத்தில் நூற்றிருபது பிளாஸ்டிக் நாற்காலி போட்டோம். எல்லாம் ஒரே நிறம். வந்தவர்கள் முதல் வரிசையைக் காலியாக விட்டு, காரில் வருபவர்களுக்காகக் காத்திருந்தார்கள். அண்ணன் இருந்திருந்தால் உறை எங்கே என்று கேட்டிருப்பார்.

உதவியவர்களுக்கு எங்கள் குடும்பம் கடமைப்பட்டுள்ளது. இரவில் கண்விழித்த தாதியர், சக்கர நாற்காலியைப் படியில் தூக்கிய மலாய்க் குடும்பத்தார், கஞ்சி கொண்டுவந்த எதிர்வீட்டுச் சீன மூதாட்டி, சாப்பாடு சமைத்தவர்கள், இறுதிவரை நடந்து வந்தவர்கள் அனைவரையும் வணங்குகிறோம். இதில் யார் பெயர் முதலில் என்ற மனத்தாங்கல் வரக்கூடாது என்று பெயர்களையே விட்டுவிட்டேன்.

கடைசியாகக் கணக்கு. அண்ணன் சொன்ன வாடகை என்ன என்று அண்ணியார் பின்னாளில்தான் கூறினார். திருமணத்துக்கு முந்திய மாலை, கடைப் பெட்டியில் தம் கைக்காசைப் போட்டு, மற்ற வாடிக்கையாளர்போல் தமக்கே ஒரு ரசீது எழுதி மடியில் வைத்துக்கொண்டாராம். பணம் கட்டியவனை யாரும் எழுப்ப முடியாது என்றாராம். சோபாவில் ஓர் இடத்துக்கு ஒன்றரை வெள்ளி. சாயம் பட்ட நான்கு கால்சட்டைக்கு ஈடாக, ஒன்றுக்கு ஏழு வீதம், இருபத்தெட்டு வெள்ளி. வெல்வெட் மாற்ற முப்பத்தைந்து. அப்பாவின் இடத்தில் பதினோரு நிமிடம் உட்கார, என் அண்ணனுக்கு மொத்தம் அறுபத்து நான்கு வெள்ளி ஐம்பது காசு ஆயிற்று.