ஈரச்சாக்கு

புதுக்குடியிருப்புச் சந்தையில், மீன்பெட்டியை மூடிக் கிடந்த ஈரச்சாக்கின் மணம் மூக்கில் ஏறியதும், மீன் வாங்காமலே திரும்பிவிட்டேன்.

எங்கள் மண்வீட்டின் மேற்குச் சுவரில் அம்மா சாக்குகளைத் தைத்துத் தொங்கவிட்டிருந்தார். மத்தியானமானால் கிணற்றுத் தண்ணீரைத் தகரப் பேணியால் அள்ளி மேலிருந்து ஊற்றுவது என் வேலை. சணல் கறுத்து, உமி மணம் கிளம்பி, சொட்டுச் சொட்டாய் மண்ணில் விழ, சாக்கும் சுவரும் குடித்த தண்ணீரை வெயில் மெல்ல மெல்ல எடுத்துக்கொண்டு போக, உள்ளே ஏணையில் தம்பி வியர்க்காமல் உறங்குவான்.

இடம்பெயர்ந்தபோது, "சாக்கையும் காவிக்கொண்டோ போறியள்?" என்று சனம் சிரித்தது. முள்ளிவாய்க்காலில் அவற்றில்தான் மண் நிரப்பி, பதுங்கியிருந்த பங்கர்க் குழியைச் சுற்றி அடுக்கினோம். உள்ளே வெக்கை தாங்காமல் தம்பி ஓயாது அழுதான். அம்மா கஞ்சி வரிசையில் நின்ற நேரம், ஒன்பது வயதுக்காரியான நான் ஒரு சாக்கை உருவி, மண்ணைக் கொட்டி, கடல்நீரில் நனைத்து வாசலில் கட்டினேன். குளிர்ந்த காற்று வந்தது. அழுகை நின்றது. சாக்கு காயத் தொடங்கியதும் பேணியோடு மறுபடி கடலுக்கு ஓடினேன். அப்போதுதான் ஷெல் விழுந்தது. நான் சாக்கை உருவிய இடைவெளியால் அதன் துண்டு தம்பி கிடந்த பக்கம் உள்ளே போயிருந்தது.

அதற்காக அம்மா என்னை ஒருநாளும் ஏசியதில்லை.

"ஏன் பிள்ளை, மீன் வாங்கேல்லையே?" என்றார் இன்று.

"மீன்பெட்டியில ஈரச்சாக்கு மணத்தது அம்மா."

அவர் வெறும் கூடையை என் கையிலிருந்து வாங்கி வைத்தார்.

"நீ அதைக் கட்டின பிறகுதான் அவன் நித்திரையானவன்."