சிரிக்காமல் பார்த்த படம்

அந்தப் படத்தின் கதையை இப்போது கேட்டாலும் ஒரு காட்சி விடாமல் சொல்லுவேன். இத்தனைக்கும் அதைப் பார்க்கும்போது நான் ஒருமுறைகூடச் சிரிக்கவில்லை. வயிறு வலித்ததுதான் மிச்சம்.

வாடிப்பட்டியில் அப்போது கூடாரம் போட்டுப் படம் காட்டினார்கள். ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம், நடுவில் முழங்காலளவு மண்சுவர். எழுமலை ஊர்க்கார மாப்பிள்ளை என்னை அங்கே வந்து பார்க்கட்டும் என்று அப்பா ஏற்பாடு செய்திருந்தார். கோயிலில் வைத்துப் பார்த்துவிட்டுத் தட்டிப்போனால் ஊரே துக்கம் விசாரிக்கும். கொட்டகையில் யார் எதற்கு வந்தார்கள் என்று யாருக்குத் தெரியும்?

"பாத்துட்டு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிரு தாயி. நீ வேண்டாம்னா விட்ருவோம்" என்றார் அப்பா.

அம்மாவின் கவலை வேறு. "சிரிப்புப் படமாம்ல. பல்லக் காட்டி மானத்த வாங்கிராத. வாய மூடிக்கிட்டு உக்காரு."

எனக்கோ சிரிப்பை அடக்கவே வராது. எழவு வீட்டில் சிரித்து அடி வாங்கியவள் நான்.

ஓட்டலில் தங்க வந்தவர்களின் கதை அது. பெண்டாட்டிக்குப் பயந்து ஓடிவந்த ஜமீன்தார், அவரைத் தேடிவந்து தெரியாமல் அடுத்த அறையிலேயே தங்கிவிட்ட பெண்டாட்டி, தூக்கத்தில் நடந்து எல்லார் அறைக்குள்ளும் புகுந்துவிடும் வக்கீல். கொட்டகையே உருண்டு சிரித்தது. நான் முந்தானையைக் கடித்துக்கொண்டு மணலைக் கிளறினேன்.

படம் காட்ட ஒரே மெஷின்தான். ஒரு சுருள் முடிந்து அடுத்ததை மாட்டும்வரை விளக்கு எரியும். முதல் விளக்கில், துணைக்கு வந்திருந்த அத்தை என் காதைக் கடித்தாள்: "அந்தக் கம்பத்தடியில, நீலச் சட்ட." ஆள் லட்சணம்தான். ஆனால் சுற்றியிருந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்க, அவர் மட்டும் உர்ரென்று இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த விளக்கிலும் அதே முகம். அதற்கடுத்ததிலும்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. விளக்கு எப்போது வரும் என்று தவித்தேன், வந்தால் எப்போது அணையும் என்று தவித்தேன். என் வாயை அம்மா மூடினாள். இந்த ஆளின் வாயை யார் மூடியது? இந்த மூஞ்சியோடா ஆயுசுக்கும்? பயமும் ஆத்திரமுமாய் வந்தது. கடைசியில் ஜமீன்தார் ஒளிந்துகொள்ள பீரோவைத் திறக்கிறார், உள்ளே வக்கீல் நின்றபடி குறட்டை விடுகிறார். முந்தானையில் ஓட்டையே விழுந்துவிட்டது. படம் முடிந்து விளக்கு வந்தபோதும் நீலச்சட்டை அசையவில்லை.

அப்பா வாசலில் மாப்பிள்ளை வீட்டாரோடு பேசிவிட்டுச் சற்றுப் பிந்தித்தான் வண்டிக்கு வந்தார். அவர் ஏறியதும் சொல்லிவிட்டேன்.

"எனக்கு வேண்டாம்ப்பா. அந்த மனுசனுக்குச் சிரிக்கவே தெரியல."

அப்பா என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"அந்தத் தம்பி இப்பத்தான் என்னைய ஓரமாக் கூப்ட்டுக் கேட்டுச்சு. 'மாமா, பொண்ணுக்கு ஏதும் மனக்கஷ்டமா? ஊரே சிரிக்குது, அது ஒருக்காக்கூடச் சிரிக்கலயே. எனக்குப் படத்துல மனசே போகல'ன்னுச்சு."



"நீங்க என்னப்பா சொன்னீங்க?"

"அவ ஆத்தாதான் சிரிக்கக் கூடாதுன்னு சொல்லிருக்கான்னேன். அப்பச் சிரிச்சுச்சு பாரு அந்தத் தம்பி! தூணப் புடிச்சுக்கிட்டுல்ல சிரிச்சுச்சு!"

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வண்டி நகர்ந்துவிட்டது. நான் கொட்டகையைத் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். அந்தச் சிரிப்பைப் பார்க்காமல் விட்டுவிட்டேனே என்று ஆற்றாமையாக இருந்தது. அதைப் பார்ப்பதற்காகவே, வீடு போய்ச் சேருமுன் சரி என்று சொல்லிவிட்டேன்.