வாசலை அடைத்துக்கொண்டவள்

ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் அவளுக்கு ‘பாய்லர்’ என்று பெயர். நிஜமான பாய்லர் பின்கட்டில் இருந்தது. அது எப்போதாவதுதான் சீறும். இவளுக்கு அந்தக் கணக்கெல்லாம் கிடையாது. ஈரமான படுக்கை விரிப்புகளைச் சூடான உருளைக்குள் நுழைத்து, மறுபக்கம் மொடமொடவென்று வருவதை மடித்து அடுக்குவது அவள் வேலை. விரிப்பு கோணலாக நுழைந்தால் கோபம். வார்டிலிருந்து யாராவது ஜன்னலில் தலையை நீட்டி “இன்னும் ஆகலையா?” என்றால் கோபம். ஆகிவிட்டது என்று சொல்லியனுப்பியும் எடுத்துப்போக ஆள் வராவிட்டால் அதைவிடக் கோபம். கூட வேலை செய்பவர்களுக்குப் பழகிவிட்டது. அவள் கத்தி ஓயும்வரை சும்மா இருந்துவிட்டு, “சரி, டீ குடிக்கலாமா?” என்பார்கள்.

அந்தக் கோபத்தில் பாதி வீட்டிலிருந்தே கிளம்பி வந்தது.

புருஷனை விட்டு வந்தபோது அக்காதான் கூப்பிட்டு வைத்துக்கொண்டாள். பின்பக்க அறையைக் கொடுத்தாள். அதுவரை சாமான் போட்டுவைத்த அறை அது. ஆள் வந்த பிறகும் சாமான் வெளியே போகவில்லை. இஸ்திரிப் பெட்டி, சூட்கேஸ்கள், மழைக்கோட்டு, அக்கா தைக்கிற பள்ளிச் சீருடைத் துணி மூட்டை எல்லாம் அவள் கட்டிலுக்கு எதிரே இருந்த அலமாரியிலேயே கிடந்தன. கதவுக்குத் தாழ்ப்பாளும் இல்லை. யாருக்கு எது வேண்டுமோ, கதவைத் தள்ளிக்கொண்டு நேரே உள்ளே வந்துவிடுவார்கள்.

அதிலும் அத்தான் இருக்கிறாரே! டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். அடுத்தவர் ஓட்டுகிற வண்டியில் தன் காலடியில் ஒரு பிரேக்கை வைத்துக்கொண்டே காலம் தள்ளியவர். வீட்டிலும் அப்படித்தான். அவள் தூங்கும்போது வந்து விளக்கைப் போடுவார். போனில் பேசிக்கொண்டிருந்தால் அலமாரியைக் குடைந்தபடியே, “யாரு லைன்ல?” என்பார். அக்காவிடம் முறையிட்டால், “அவர் குணம் தெரியாதா உனக்கு? விடு” என்பாள். விட்டு விட்டு அவளுக்கு நெஞ்சு முழுக்கக் கரி பிடித்திருந்தது.

அத்தான் வரவேற்பறையில் மீன் தொட்டி வைத்திருந்தார். அதன் தண்ணீரை வடிகட்டும் மோட்டாருக்குப் பஞ்சு வாங்கி வரச் சொல்லி ஒரு நாள் அவளைச் செல்லப் பிராணிகள் விற்கும் கடைக்கு அனுப்பினார். அங்கேதான் அதைப் பார்த்தாள். கண்ணாடிப் பெட்டிக்குள், உள்ளங்கை அகலத்துக்கு, காப்பிக்கொட்டை நிறத்தில், உடம்பெல்லாம் ரோமத்தோடு ஒரு டரான்டுலா சிலந்தி. நட்ட நடுவில், யாருக்கும் பயப்படாமல் உட்கார்ந்திருந்தது. அவளே ஓர் அடி பின்வாங்கினாள். அடுத்த கணம் வேறொரு யோசனை வந்தது. இது நம் அறையில் இருந்தால் எவன் உள்ளே வருவான்?

“கடிக்குமா?” என்று கடைக்காரரைக் கேட்டாள்.

“சீண்டினா கடிக்கும்க்கா. சீண்டாம இருந்தா அது பாட்டுக்கு இருக்கும்.”

“எனக்கு அது போதும்” என்றாள்.

பஞ்சை மறந்துவிட்டுச் சிலந்தியோடு வீட்டுக்கு வந்தாள். அக்கா நாற்காலி மேல் ஏறி நின்றுகொண்டு அலறினாள். அத்தான் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று, “இது வீடா, மிருகக்காட்சி சாலையா?” என்று கத்தினார். கத்தினாரே தவிர, நிலைப்படியைத் தாண்டவில்லை. அந்த வாரம் முழுக்க இஸ்திரிப் பெட்டி வேண்டுமென்றால் வெளியிலிருந்தே குரல் கொடுத்தார்கள். அவள் எடுத்து நீட்டினாள். சேலையை நிதானமாகக் கட்டினாள். மத்தியானத்தில் காலை நீட்டிப் படுத்தாள். சலவைப் பிரிவில், “என்ன, பாய்லர் ஆறிப்போச்சு?” என்று கேலி செய்தார்கள்.

பிறகு அந்தச் சிலந்தி அவள் தலையில் கல்லைப் போட்டது. பெட்டிக்குள் கொட்டியிருந்த மண்ணில் ஒரு மூலையில் வளை தோண்டி இறங்கியது. இறங்கியதோடு விடாமல், மண்ணையும் நூலையும் சேர்த்துப் பின்னி, வளையின் வாயை உள்ளிருந்தே அடைத்துக்கொண்டது. தீனிக்குப் போட்ட கரப்பான் குஞ்சு பெட்டிக்குள் உல்லாசமாக உலாவியது. அதைச் சீந்த ஆளில்லை.

நாள் போகப் போக வீட்டாரின் பயம் தெளிந்தது. முதலில் அக்கா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். அப்புறம் அத்தான் நேராக உள்ளே வந்தார். பெட்டியைக் குனிந்து பார்த்துவிட்டு, “ஊர்ல எல்லாரும் நாய் வளர்ப்பாங்க, பூனை வளர்ப்பாங்க. உன் தங்கச்சி மண்ணு வளர்க்கிறா” என்று அக்காவிடம் சொல்லி விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்துக்கொண்டே மழைக்கோட்டை எடுத்துக்கொண்டு, கதவை ஆவென்று திறந்து போட்டுவிட்டுப் போனார்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அத்தான் மேல் வந்ததைவிடச் சிலந்தி மேல்தான் அதிகம். “உன்னை எதுக்கு வாங்கிட்டு வந்தேன்? காவலுக்கு வந்தவ இப்படித்தான் பதுங்குவியா?” என்று பெட்டியைத் தட்டினாள். அசைவில்லை. ஒரு கரண்டியை எடுத்து வளையின் வாயைக் குத்தித் திறந்தாள். உள்ளே இருட்டில் ஒரு கால் மட்டும் தெரிந்தது. அது மெல்லப் பின்னுக்கு நகர்ந்தது. சீறவில்லை, பாயவில்லை, இன்னும் கொஞ்சம் ஒடுங்கிக்கொண்டது, அவ்வளவுதான். அதைப் பார்த்ததும் கை தானாக நின்றது. ஆனால் கோபம் நிற்கவில்லை. மறுநாள் காலையில் பார்த்தால் வாசல் பழையபடி அடைத்திருந்தது. இந்த முறை ஒரு சின்னக் கல்லையும் சேர்த்து ஒட்டியிருந்தது.

வேலை முடிந்ததும் நேரே கடைக்குச் சண்டைக்குப் போனாள். “சீக்கு வந்ததை என் தலையில கட்டிட்டீங்களா?”

கடைக்காரர் மீன்களுக்குத் தீனி போட்டபடியே கேட்டார். “வாசலை அடைச்சிருக்கா? சாப்பிடலையா? அப்ப சட்டை உரிக்கப் போகுதுக்கா. பழைய தோலைக் கழட்டிட்டுப் புதுசா வரும். அந்த நேரத்துல உடம்பு பஞ்சு மாதிரி இருக்கும். கரப்பான் கடிச்சாக்கூடச் செத்துடும். உள்ள போட்ட கரப்பானை வெளிய எடுத்துடுங்க.”

“எப்போ வெளிய வரும்?”

“அது எப்படிக்கா எனக்குத் தெரியும்? ஒரு மாசமும் ஆகும், அதுக்கு மேலயும் ஆகும். தண்ணிக் கிண்ணம் காயாம பாத்துக்கோங்க. வளைக்குள்ள மட்டும் கையை விடாதீங்க.”

“கரண்டியை விட்டேன்” என்றாள், முறைத்தபடியே.

“அதையும் விடாதீங்க.”

சும்மா இருப்பது இவ்வளவு பெரிய வேலை என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. தினமும் வேலையிலிருந்து வந்ததும் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றுவாள். மண்ணைப் பார்ப்பாள். “வந்து தொலையேன்” என்று திட்டுவாள். கை பரபரக்கும். கரண்டியைக் கொண்டுபோய் அடுக்களையில் போட்டுவிட்டு வருவாள். சலவைப் பிரிவில் அவள் சத்தம் பழையபடி கூரையைத் தொட்டது. ஆனாலும் வளைக்குள் கையை விடவில்லை. இவளும் ஒரு காலத்தில், யாரும் பார்க்காத இடமாகக் கிடைத்தால் போதும் என்று புருஷன் வீட்டுக் குளியலறையில் போய் உட்கார்ந்திருந்தவள்தான். அங்கேயும் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு வேலை இருந்தது. சாயங்காலம் திரும்பி வந்தபோது, அவள் அறையில் சிரிப்புச் சத்தம். டிரைவிங் ஸ்கூல் முதலாளியும் அவர் மனைவியும் விருந்தாளியாக வந்திருந்தார்கள். எல்லோரும் அவள் கட்டிலைச் சுற்றி நின்றிருந்தார்கள். கண்ணாடிப் பெட்டியின் மூடி கட்டில் மேல் கிடந்தது. அத்தான் கையில் தண்ணீர் சொம்பு. வளையின் வாய் கரைந்து, சேறும் தண்ணீருமாகக் குழம்பியிருந்தது.

“இன்னும் கொஞ்சம் ஊத்தினா வெளிய வந்துடும் பாருங்க” என்று முதலாளியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவள் சொம்பைப் பிடுங்கினாள். மிச்சத் தண்ணீர் அத்தான் சட்டையிலேயே கொட்டியது.

“யாரைக் கேட்டு உள்ள வந்தீங்க?”

“ஏய், ஒரு பூச்சிக்காகவா இந்தக் குதி குதிக்கிற? ஆளுங்க இருக்காங்க…”

“இருக்கட்டும். அவங்களும் கேக்கட்டும். அன்னிக்கு நான் சேலை மாத்திக்கிட்டிருக்கேன், நீங்க பாட்டுக்கு இஸ்திரிப் பெட்டி எடுக்க வந்தீங்க. வெளிய போனீங்களா? ‘சீக்கிரம் மாத்து, எனக்கு நேரமாச்சு’ன்னீங்க. எனக்குக் காய்ச்சல் வந்து கிடந்தப்போ சூட்கேஸை என் கால் மேல இறக்கி வச்சீங்க. நான் வாயைத் திறந்தேனா? அது பாவம், வாசலை அடைச்சுக்கிட்டு ஒரு மூலையில கிடக்கு. அதைக்கூட விட மாட்டீங்களா?”

முதலாளியின் மனைவி கணவரின் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போனாள். அத்தானின் முகம் கறுத்தது. “இது என் வீடு. எந்த அறைக்குள்ள வேணும்னாலும் வருவேன்.”

அப்போதுதான் வாசலில் நின்ற அக்கா பேசினாள். “சேலை மாத்தும்போதா வந்தீங்க?”

“அட, அது… நான் கவனிக்கல…”

“உங்களுக்கு இந்த ரூமுக்குள்ள என்ன வேலை? வெளிய போங்க முதல்ல.”

அக்கா அவரை ஒதுக்கிக்கொண்டு உள்ளே வந்து அலமாரியைத் திறந்தாள். சூட்கேஸ், மழைக்கோட்டு, இஸ்திரிப் பெட்டி, துணி மூட்டை எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கொண்டுபோய் மீன் தொட்டிக்குப் பக்கத்தில் தொப்பென்று போட்டாள். மறுநாளே தச்சரைக் கூப்பிட்டுத் தாழ்ப்பாளும் போட்டாயிற்று. ‘என்னிடம் ஏன் முன்னாடியே சொல்லவில்லை’ என்று அக்கா கேட்கவில்லை. சொல்லவந்தபோதெல்லாம் ‘விடு’ என்றது தான்தான் என்று அவளுக்கே தெரியும்.

தண்ணீர் ஊற்றிய அன்றிரவே அவள் கடைக்காரரிடம் போனில் கேட்டு, பெட்டியைச் சாய்த்து, பழந்துணியால் தண்ணீரை ஒற்றி எடுத்தாள். அதற்கு மேல் செய்ய ஒன்றுமில்லை. உயிரோடு இருக்கிறதா, இல்லையா என்பதுகூடத் தெரியவில்லை. தோண்டிப் பார்த்துவிடலாம் என்று விரல் துறுதுறுக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு போய்ப் படுப்பாள். அத்தானிடம் பேச்சை நிறுத்திவிட்டாள்.

வெகு நாள் கழித்து ஒரு காலையில் வளையின் வாய் திறந்திருந்தது. அதன் எதிரில் சிலந்தி கிடந்தது. எட்டுக் காலும் மடங்கி, நிறம் மங்கி, சருகாக.

தாழ்ப்பாளைப் படாரென்று திறந்துகொண்டு, பல் துலக்கிக்கொண்டிருந்த அத்தான் முன்னால் போய் நின்றாள். “கொன்னுட்டீங்க. சந்தோஷமா? தண்ணி ஊத்திக் கொன்னுட்டீங்க!”

பதிலுக்குக் கத்துவார் என்றுதான் நினைத்தாள். அவர் வாய் நிறைய நுரையோடு அப்படியே நின்றார். கொப்பளித்துவிட்டு, தரையைப் பார்த்தபடி, “தப்புதான்மா. மன்னிச்சுக்கோ. அதுக்கு மட்டும் இல்ல… எல்லாத்துக்கும்தான்” என்றார்.

அவள் அறைக்குத் திரும்பினாள். செத்ததை எடுத்துவிடலாம் என்று கரண்டியால் தூக்கினால், எடையே இல்லை. திருப்பிப் பார்த்தாள். உள்ளே காலியாக இருந்தது. வெறும் தோல். மெல்ல வளைக்குள் குனிந்து பார்த்தாள். இருட்டுக்குள் புத்தம் புதிய கறுப்பில், முன்னைவிடப் பெரிதாக, இரண்டு கால்கள் பளபளத்தன.

“அடிப்பாவி” என்றாள். கட்டிலில் உட்கார்ந்து அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள்.

அத்தானிடம் உடனே போய்ச் சொல்லவில்லை. சாயங்காலம்வரை அவர் அந்த முகத்தோடே இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள். அக்காவிடம் மட்டும் தோலைக் காட்டினாள். அக்கா சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டாள்.

மாலையில் விஷயம் தெரிந்ததும் அத்தான் சோபாவிலிருந்து துள்ளி எழுந்தார். “உயிரோட இருக்கா? அப்ப நான் கேட்ட மன்னிப்பைத் திருப்பிக் கொடு!”

“தர மாட்டேன்” என்றாள் அவள்.