மேஸ்திரி என்றால் யார்?

போன வாரம் எங்கள் மந்தைவெளி ஃப்ளாட்டில் பாத்ரூம் வேலை. நான் தினமும் குளிப்பதற்காக பெசன்ட் நகரில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய் வந்தேன். இந்தப் பத்திக்குத் தேவையில்லாத தகவல்தான்... ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

வேலைக்கு மூன்று பேர். பழனி மேஸ்திரி காலையில் வருவார், சுவரைத் தட்டிப் பார்ப்பார், "பாத்து பண்ணுங்கப்பா" என்று சொல்லிவிட்டு அடையாறில் இன்னொரு வேலைக்குக் கிளம்பிவிடுவார். டைல்ஸ் ஒட்டுவது நிமாய். மேற்கு வங்காளம், நாற்பது வயதிருக்கும். கலவை போட்டுக் கொடுக்கும் சித்தாள், செல்வி. பெரும்பாக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறார்.

செவ்வாய்க்கிழமை. தரையில் டைல்ஸ் வைத்துக்கொண்டே வந்த நிமாய், நிறுத்திவிட்டு செல்வியைப் பார்த்து, "மிஸ்திரி, டீக் ஆச்சே?" என்றார். சரியாக இருக்கிறதா என்று கேட்கிறார்.

செல்வி ஒரு மக் தண்ணீரை ஊற்றினார். அது துவாரத்துக்கு ஓடாமல் மூலையில் போய் நின்றது.

"வாட்டம் பத்தல. இந்த நாலு கல்ல எடு."

நிமாய்க்குத் தமிழ் அரைகுறை. ஆனாலும் மறுபேச்சில்லாமல் நாலையும் பெயர்த்தார்.

எனக்கோ வேறு குறுகுறுப்பு. மிஸ்திரியா? நம்ம மேஸ்திரி வங்காளத்தில் என்ன பண்ணுகிறார்?

எழுதிக்கொண்டிருந்ததை விட்டுவிட்டு அகராதிகளைப் பிரித்தேன் — இது என் பழைய வியாதி. போர்ச்சுகீசியர் கொண்டுவந்த சொல். அவர்கள் ஊரில் 'மெஸ்த்ரே'. ஒரு தொழிலைக் கரைத்துக் குடித்தவர், அதைக் கற்றுக் கொடுப்பவர். நம் ஜன்னலும் சாவியும்கூட அவர்களோடு வந்தவைதான். தெலுங்கிலும் மேஸ்திரி உண்டு. இந்தியிலும் வங்காளியிலும் மிஸ்திரி. இன்னும் பின்னால் போனால் லத்தீன். அங்கே இங்கிலீஷ் 'மாஸ்டர்' பங்காளியாக உட்கார்ந்திருக்கிறார்! ஆக, டீ மாஸ்டரும் மேஸ்திரியும் தூரத்துச் சொந்தம்.

வேடிக்கை என்னவென்றால், வங்காளத்தில் கைவேலை தெரிந்தவர் மிஸ்திரி. நம்மிடம், வேலை வாங்குகிறவர் மேஸ்திரி.

சாயங்காலம் பழனி வந்தபோது நிமாய் மறுபடியும் செல்வியை அப்படிக் கூப்பிட்டார். பழனி சிரித்தார்.

"யோவ், அது சித்தாள்யா. மேஸ்திரி நான்."

நிமாய் குழம்பிப்போனார். பிறகு தெரிந்த தமிழில் நிதானமாகச் சொன்னார். "நீங்க முதலாளி. மிஸ்திரி இவங்க."

பழனியின் சிரிப்பு நின்றுவிட்டது. செல்வி குனிந்து சட்டியைக் கழுவ ஆரம்பித்தார்.

பழனி போனதும் செல்வியிடம் கேட்டேன். நீங்களே தனியாக வேலை எடுத்துச் செய்யக் கூடாதா?

"இன்னா சார் நீங்க... இருவது வருசமா கலவ தூக்கிக்கினு கீறேன். கூட வந்த ஆம்பளைங்க எல்லாம் கொத்தனார் ஆயி, மேஸ்திரியும் ஆயிட்டாங்க. பொம்பளய நம்பி யாரு குடுப்பா? ஒரே ஒரு பாத்ரூம் குடுத்துப் பாக்கட்டும் சார். ஒரு சொட்டு தண்ணி நிக்காது."

எனக்கு வெட்கமாக இருந்தது. அந்தச் சொல்லை இத்தனை மொழிகளில் துரத்திய நான், அவரை 'ஏம்மா' என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை வேலை முடிந்தது. மாடி வீட்டு மாமி வந்து பார்த்தார். தண்ணீர் ஊற்றியும் பார்த்தார். பரம திருப்தி.

"எங்காத்துலயும் பண்ணணும். மேஸ்திரி நம்பர அனுப்பிச்சுடுங்கோ."

செல்வியின் நம்பரை அனுப்பினேன். பத்து நிமிடத்தில் மாமியிடமிருந்து வாட்ஸ்அப். 'யாரோ லேடி எடுக்கறா. மேஸ்திரியோட ஒய்ஃபா?'

'இல்லை மாமி, மேஸ்திரியேதான். எங்கள் பாத்ரூம் வாட்டம் அவர் பார்த்தது' என்று பதில் போட்டேன். இரண்டு நீல டிக் விழுந்தது. அப்புறம் பேச்சு மூச்சில்லை. ஞாயிற்றுக்கிழமை பூராவும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

இதோ, திங்கட்கிழமை காலை. பத்தி எழுத உட்கார்ந்திருக்கிறேன். மாடியில் பழைய டைல்ஸை உடைக்கிற சத்தம் காதைப் பிளக்கிறது, நடுநடுவே செல்வியின் குரலும்.

ஒரு வரி எழுத விடமாட்டேன் என்கிறார், மேஸ்திரி.