பின் சீற் இல்லாத கார்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்றில் நானும் மனைவி ரஞ்சினியும் மெல்பேர்ண் விமான நிலையத்தில் பெட்டிகளோடு முழித்துக்கொண்டு நின்றபோது, எங்களை ஏற்ற வந்தவள் யோகராணி. அதற்கு முன் அவளை நாங்கள் கண்டதே இல்லை. யாழ்ப்பாணத்தில் யாரோ யாரிடமோ சொல்ல, அது சுற்றிச் சுழன்று அவள் காதுக்குப் போயிருந்தது. நோபல் பார்க்கில் எங்களுக்கென்று பார்த்துவைத்த வாடகை வீட்டில் இறக்கி, பாலும் பாணும் வாங்கித் தந்துவிட்டு இரவு வேலைக்குப் போனாள்.

அவள் ஒரு ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சைக் கூடத்துத் தாதி. முப்பத்தைந்து தாண்டிய தனியாள். அவளிடம் ஒரு பழைய, நீளமான ஸ்டேஷன் வாகன் இருந்தது. அதுதான் வினை. தனியாளிடம் கார் இருந்தால் நம்முடைய சனத்துக்கு அது பொதுக் கிணறு. புதிதாக வருகிறவர்களை ஏற்றவும், பிள்ளைத்தாச்சிகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவும், மாணவர்களின் மெத்தைகளை அறைக்கு அறை மாற்றவும் யோகராணிதான். மாட்டேன் என்று அவள் சொல்லி நான் கேட்டதில்லை. அவளுக்கு வசதிப்படுமா என்று யாரும் கேட்டும் நான் கேட்டதில்லை.

எழுபத்து ஏழாம் ஆண்டு ஒரு நாள், எங்கள் குசினியில் இருந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டே, தான் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப்போவதாகச் சொன்னாள். பாவித்த கார்தான், ஆனால் இரண்டே இரண்டு இருக்கை, பாய்ந்து ஓடுகிற எஞ்சின். ரஞ்சினி திகைத்துப்போனாள். பின் சீற் இல்லாமல் அரிசி மூட்டையை எங்கே வைப்பீர்கள் என்று கேட்டாள்.

“அதுக்குத்தான் ரஞ்சினி,” என்றாள் யோகராணி. “ஒருத்தரையும் ஏத்தாமல், ஒண்டையும் ஏத்தாமல், எனக்கெண்டு ஒருக்கா ஓட வேணும்.”

அதைச் சொன்னபோது அவள் எங்களைப் பார்க்கவில்லை. கோபமாகவும் சொல்லவில்லை. பசித்தவள் சோறு கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

கதை பரவியது. கலியாணம் கட்டியிருந்தால் இப்படி ஆசை வராது என்றார் ஒருவர். காசுக் கொழுப்பு என்றார் இன்னொருவர். சொன்னவர்களில் பாதிப் பேர் அவள் காரில் வந்து இறங்கியவர்கள். நன்றி கெட்ட சனம் என்று நான் வீட்டில் கத்தினேன். வெளியே போய்க் கத்த எனக்குத் துணிவு இல்லை.

சனிக்கிழமைகளில் பேப்பர் விளம்பரம் பார்த்துக் கார் தேடப் போகும்போது என்னையும் கூட்டிப்போவாள். பெண்பிள்ளை தனியே போனால் விற்கிறவன் முகம் கொடுத்துப் பேசமாட்டான். நான் போனால் என்னிடம் பேசுவான். எனக்குக் காரைப் பற்றித் தெரிந்ததெல்லாம் பெற்றோல் அடிக்கிற பக்கம் எது என்பதுதான். அவன் எனக்குக் குதிரைவலு பற்றி விளக்கிக்கொண்டிருக்க, அவள் பழைய சாக்கு ஒன்றை விரித்துக் காருக்கு அடியில் படுத்திருப்பாள். தொழில்நுட்பக் கல்லூரி மாலை வகுப்பில் ஒரு வருடம் இதைப் படித்திருந்தாள்.

வேகமான காரை வாங்குகிறவன் அதன் பளபளப்பைப் பார்க்கக் கூடாது, அதை முன்பு ஓட்டியவனைப் பார்க்க வேண்டும் என்பாள். நான்கு ரயரும் ஒரே சீராகத் தேயாவிட்டால் எங்கோ மோதி நிமிர்த்தியிருக்கிறான். கதவு இடுக்கு மேலே ஒடுங்கிக் கீழே அகன்றிருந்தாலும் அதே கதைதான். கைப்பையில் ஒரு காந்தம் வைத்திருப்பாள். தகரத்தில் ஒட்டுகிற காந்தம் ஓரிடத்தில் வழுக்கினால், அங்கே தகரம் இல்லை, ஓட்டையை அடைத்த பூச்சு. எண்ணெய் ஊற்றுகிற மூடியின் உட்புறத்தில் தயிர் மாதிரி வெள்ளை படிந்திருந்தால் எஞ்சினுக்குள் தண்ணீர் போகிறது. கம்பளத்தைத் தூக்கி விரலால் குத்திப் பார்ப்பாள். கடலோரத்துக் கார்கள் அடியிலிருந்துதான் துருப்பிடித்து உக்கும்.

எல்லாவற்றையும்விட அவள் பெரிதாக நினைத்தது, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது அதை எழுப்புவது. “சூடாயிருந்தா எந்த எஞ்சினும் நல்ல பிள்ளை அண்ணை. குளிரில எழுப்பினாத்தான் இருமல் தெரியும்.”

அங்கேதான் எங்கள் வீட்டால் இடைஞ்சல். நல்ல காரியத்துக்குப் போகிறவர்கள் ராகு காலத்தில் போகக் கூடாது என்று ரஞ்சினி பிடித்த பிடியில் நின்றாள். சனிக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரை. அது மெல்பேர்ண் ஒன்பதா யாழ்ப்பாணத்து ஒன்பதா என்ற சந்தேகத்தில் அவள் இரண்டையும் விலக்கி, பதினொரு மணி என்று வைத்தாள். நேரம் தவறக் கூடாதே என்று விற்கிறவர்களுக்கு முன்கூட்டியே போன் பண்ணியும் சொன்னாள். வெள்ளைக்காரனுக்குப் பதினொன்று என்றால் பதினொன்று. நாங்கள் போய் இறங்கும்போது கார் கழுவித் துடைத்து, எஞ்சின் ஓடிச் சூடாகி, எஞ்சினை மூடிய பொனற்றில் தோசை சுடலாம் போல இருக்கும். யோகராணி கையை வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவாள். ஒரு வருடம் இப்படியே போனது.

கடைசியில் ஒரு சனிக்கிழமை, ரஞ்சினிக்குச் சொல்லாமல் என்னை ஒன்பதுக்கே கூட்டிப்போனாள். சுத்தமான ராகு காலம். மென்டோனில் ஓய்வுபெற்ற பல்வைத்தியர் ஒருவர் இரவு உடுப்போடு கதவைத் திறந்தார். கராஜில் கடும்பச்சை நிறத்தில் ஒரு ஜாகுவார். பதிவான இருக்கைக்குள் இறங்க முழங்கால் மடங்காததால் விற்கிறாராம்.

யோகராணி பொனற்றில் உள்ளங்கையை வைத்தாள். வைத்த கையை எடுக்கவே இல்லை. பொனற் குளிர்ந்துபோய்க் கிடந்தது.

எஞ்சினை எழுப்பினாள். மெல்லிய வெள்ளைப் புகை வந்து மறைந்தது. எண்ணெய் எரிகிற நீலம் இல்லை. ரயர், கதவு, காந்தம், கம்பளம் ஒன்றையும் விடவில்லை. எழும்பி நின்றபோது அவள் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. அவ்வளவு ஆசை அதில் கிடந்தது.

ஸ்டேஷன் வாகனின் திறப்புச் சாவியை ஈடாக வாங்கிக்கொண்டு வைத்தியர் ஓட்டிப் பார்க்க விட்டார். கடற்கரை வீதி. வலப்பக்கம் கடல். வேகமாகப் போய், ஸ்டியரிங்கிலிருந்து கைகளைத் தூக்கிவிட்டுப் பிரேக் அடித்தாள். கார் ஒரு பக்கம் இழுக்கிறதா என்று பார்க்கவாம். நான் தெரிந்த தேவாரம் முழுவதையும் சொல்லி முடித்தேன். கார் நேர் கோட்டில் நின்றது.

“எல்லாம் சரி. இன்னும் ஒண்டுதான் பாக்க வேணும் அண்ணை. அதுக்கு நீங்கள் இறங்க வேணும்.”

இறங்கினேன். அவள் போனாள். காற்றுக்கு ஒதுங்கி ஒரு மதிலில் குந்தியிருந்தேன். ஒரு மணித்தியாலம் ஆகியிருக்கும். வைத்தியர் பொலிசுக்குச் சொல்லியிருப்பார் என்று நினைத்து நான் எழும்பியபோது கார் வந்தது. எஞ்சினை நிறுத்தாமல் இருந்தாள். கண்கள் சிவந்திருந்தன.

“எங்க போனனீர்?”

“கிளேட்டனுக்கு. கலா வீட்டு வாசல்ல நிண்டுட்டு, இறங்காமலே திரும்பிட்டன்.” கலா, சனி தோறும் இவள் கடைக்கு ஏற்றிப்போகிற பெண். “நினைச்சுப் போகேல்லை அண்ணை. கை தானாத் திருப்பிட்டுது. இத்தனை வருஷம் இந்த ஊரில ஓடுறன். ஆரையாவது ஏத்திற இடம், இறக்கிற இடம். அதைவிட எனக்கு ஒரு இடமும் தெரியாது. இந்தக் காரை வாங்கி நான் எங்க போறது?”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஏறுங்கள், இதைக் கொடுத்துவிட்டுப் போவோம், கடைக்குப் போகக் கலா பார்த்துக்கொண்டிருப்பாள் என்றாள். பழக்க தோஷம், நானும் கதவைத் திறந்துவிட்டேன். ஒரு காலை உள்ளே வைத்தும் விட்டேன். அப்போதுதான் எனக்கு என் மேலேயே எரிச்சல் வந்தது. காலை எடுத்துவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

“நான் ஏறேல்லை. டொக்டரிட்ட நடந்துபோய்ச் சொல்லுறன், கொஞ்சம் பிந்தும் எண்டு. கலாவுக்கும் போன் பண்ணுறன். நீர் போம்.”

“எங்க அண்ணை?”

“எனக்கும் தெரியாது. போம்.”

பிறகு காரை எடுத்தாள். முன்னால் சந்தியில் சிவப்பு விளக்கு. நின்றாள். இடப்பக்கம் திரும்பினால் கிளேட்டன். காரின் இடப்பக்கச் சமிக்ஞை விளக்கு மின்னத் தொடங்கியது. பச்சை விழுந்த பிறகும் அவள் அசையவில்லை. பின்னால் வந்த வான்காரன் ஹோர்ன் அடித்தான். மறுபடியும் அடித்தான். மின்னிக்கொண்டிருந்த விளக்கு அணைந்தது. கார் நேராகப் போனது.