‘தானா விழுந்துருச்சுங்க!’

மூன்று வருடங்களுக்கு முன்பு கொடைக்கானல் மலையில் எங்கள் ஊரான கூக்காலில் நடந்தது இது. எங்களிடம் இருந்தது ஒரே ஒரு கலப்பினப் பசு. கணவர் கொடைக்கானலில் வாடகைக் கார் ஓட்டுவதால் வாரம் ஒருமுறைதான் வருவார். மாடு முழுக்க என் பொறுப்பு.

அந்த முறை கன்று நல்லபடியாகப் பிறந்தது. ஆனால், நஞ்சுக்கொடி மறுநாள் காலை வரை விழவில்லை. டாக்டரை அழைத்துவரப் போகலாமென்றால், அடைமழையில் பஸ்ஸும் வரவில்லை. பாதி தொங்குவதைப் பார்க்கப் பார்க்க எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கையில் துணியைச் சுற்றி இழுத்துவிட்டேன். மாடு முதுகை வளைத்து முனகியது. முழுதாக வந்ததா, அறுந்ததா என்றுகூடப் பார்க்காமல் குழியில் போட்டு மூடினேன். யாரிடமும் சொல்லவில்லை.

நான்கு மாதமாகியும் பசு பருவத்துக்கு வரவில்லை. தினமும் விடியும் முன்பே தொழுவத்துக்கு ஓடுவேன். கத்துகிறதா, கண்ணாடி மாதிரி வழும்பு தெரிகிறதா என்று பார்ப்பேன். சில நாள் வாலில் வெள்ளையாக ஏதோ காய்ந்திருக்கும். அவசரமாகக் கழுவிவிடுவேன். பாலும் குறைந்துகொண்டே வந்தது.

ஊருக்குக் கால்நடை முகாம் வந்தபோது ஓட்டிப்போனேன். டாக்டரம்மா என்னைவிடச் சின்னவர்.

“கன்னு போட்டப்ப கொடி தானா விழுந்துச்சாக்கா?”

சுற்றிலும் ஊர்ப் பெண்கள். “தானா விழுந்துருச்சுங்க” என்றேன்.

வரிசை நீளமாக இருந்தது. “மெலிஞ்சு கெடக்கு, அதான் போல” என்று தாது உப்பு கொடுத்து, இரண்டு வாரம் கழித்துப் பார்ப்பதாகச் சொல்லி அனுப்பினார்.

அன்று சாயங்காலம் வந்த கணவர், “இது இனி சினை பிடிக்காது. நாளைக்கு மத்தியானம் அடிமாட்டுக்கு வண்டி வரும்” என்றார். எனக்குச் சோறு இறங்கவில்லை. தப்புச் செய்தது நான், வண்டியில் ஏறப்போவது அது.

மறுநாள் முகாம் அடுத்த ஊரில். “நான் வர்ற வரைக்கும் ஏத்திராதீங்க” என்று மட்டும் கணவரிடம் சொல்லிவிட்டு, காய்கறி ஏற்றிய ஜீப்பில் தொற்றிக்கொண்டு போனேன்.

“நான்தாங்க இழுத்துட்டேன். நேத்து பொய் சொல்லிட்டேன்” என்று டாக்டரம்மாவிடம் அழுதேன்.

அவர் என் பக்கம் திரும்பினார். “நேத்தே சொல்லியிருந்தா நேத்தே கையை விட்டுப் பாத்திருப்பேன்லக்கா? இருங்க, இந்த மூணு மாட்டையும் முடிச்சுட்டு வெரசா போயிரலாம்.”

அந்த மூன்று மாடுகள் முடிவதற்குள் நான் எத்தனை தடவை சாலையைப் பார்த்தேனோ!

வீட்டுக்கு வந்தபோது வாசலில் வண்டி நின்றது. மூக்கணாங்கயிறு அடிமாட்டு வியாபாரி கையில். டாக்டரம்மா கையுறையை மாட்டிக் கையை உள்ளே விட்டுப் பார்த்தார். “கருப்பையில சீழ் கட்டிக் கெடக்கு. சரி பண்ணிரலாம்.”

கணவர் என்னைப் பார்த்தார். எல்லோர் முன்னாலும் நடந்ததைச் சொன்னேன். வியாபாரி கயிற்றை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

ஊசி, மருந்து என்று சில வாரம் போனது. ஒருநாள் காலையில் பசு விடாமல் கத்தியது. “இந்தத் தடவை விட்ருங்க, கருப்பை ஆறட்டும்” என்றார் டாக்டரம்மா. மேலும் மூன்று வாரம் தவித்து, அடுத்த பருவத்தில் சினை ஊசி போட்டோம். மூன்று மாதம் கழித்துத் தொட்டுப் பார்த்து, “சினைதான்க்கா” என்று அவர் சொன்னபோது பசுவின் கழுத்தைக் கட்டிக்கொண்டேன்.

எல்லோர் முன்னாலும் உண்மையைச் சொன்னபோது எனக்கு வந்த வெட்கம் ஒரு நிமிடத்தில் போய்விட்டது. அந்த வெட்கத்துக்குப் பயந்து நான் மறைத்த நான்கு மாதங்களையும் வாயில்லாத ஒரு ஜீவன் வலியோடு சுமந்ததை நினைத்தால் இன்றும் மனசு நிலைகொள்வதில்லை.